போனே வரலையா, வந்தும் கிடைக்கலையா? கொங்குப் பக்கம் வேலை தேடுபவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"வேலை கிடைக்க மாட்டேங்குதுங்க" என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் நிற்கிறது? அனுப்பிய இடத்திலிருந்து போனே வரவில்லையா? நேரில் போய் முதல் சுற்றிலேயே திரும்புகிறீர்களா? கடைசிவரை போய்ச் சம்பளப் பேச்சில் நின்றுவிடுகிறதா? மூன்றும் வேறு வேறு பழுது. போனே வராதவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிப் பயனில்லை. நேர்காணலில் வாயடைத்துப் போகிறவர் ரெசுமேயின் நிறத்தை மாற்றிப் பயனில்லை.

கோவையில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் கோபி, சத்தி, அந்தியூர்ப் பிள்ளைகளின் ரெசுமேக்களை வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதும் உண்டு. நான் பார்த்தவரை, நம் பக்கத்துப் பிள்ளைகள் செய்த வேலை நிறைய இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. தறி ஓட்டியிருப்பார்கள், மோட்டார் கழற்றி மாட்டியிருப்பார்கள், கோழிப்பண்ணைத் தீவனக் கணக்கு எழுதியிருப்பார்கள். காகிதத்தில் அதில் ஒரு வரிகூட இருக்காது. கீழே வருகிற பழுதுகளில் பாதிக்கு வேர் இதுதான். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

எத்தனையோ இடத்துக்கு அனுப்பியாச்சு, ஒரு போன்கூட இல்லை

சின்ன விஷயங்களிலிருந்து தொடங்குங்கள். ரெசுமேயில் உள்ள எண் இப்போது ஓடுகிற எண்தானா? சிம் மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே விட்டுவைத்திருப்பவர்கள் பலர். இன்னொன்று, கம்பெனிகள் பல நேரம் லேண்ட்லைனிலிருந்து கூப்பிடும். கோவை என்றால் 0422, திருப்பூர் 0421, ஈரோடு 0424. தெரியாத எண், லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என நினைத்துக் கட் செய்துவிடாதீர்கள். வேலை தேடுகிற காலத்தில் எல்லா அழைப்பையும் எடுங்கள். மெயில் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் நடிகர் பெயர் சேர்த்து ஆரம்பித்ததை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபைல். பெரிய கம்பெனிகளிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் ரெசுமேயை முதலில் படிப்பது மென்பொருள். பக்கத்தை இடது வலது என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, கட்டம் போட்டு, நட்சத்திரக் குறியில் திறமையைக் காட்டும் அழகான டிசைன்கள் அதற்குப் பல நேரம் புரிவதில்லை. சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லா எழுத்தையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் கலைந்து, படிப்பு ஒரு பக்கமும் வருடம் இன்னொரு பக்கமும் கிடந்தால், மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். ஒன்றுமே காப்பி ஆகவில்லை என்றால், பிரிண்ட் எடுத்த தாளைப் போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறீர்கள். அது வெறும் படம். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, பிடிஎஃப், உங்கள் பெயரும் பதவியும் சேர்ந்த ஃபைல் பெயர். இது போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போன் வரவில்லை என்றால் கோளாறு உள்ளே எழுதியிருப்பதில் இருக்கிறது. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

ரெசுமேயின் தலையில் "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும்..." என்று ஒரு குறிக்கோள் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எல்லா ரெசுமேயிலும் அதே வரி இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அப்பா பெயர், சாதி, மதம், ஆதார் எண், கடைசியில் வருகிற உறுதிமொழி ஆகிய எதுவும் தனியார் வேலைக்கான ரெசுமேக்குத் தேவையில்லை. ஆதார் எண்ணை ஊரெல்லாம் அனுப்புவது ஆபத்தும்கூட. அந்த இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? நீங்கள் ஆங்கிலத்தில் எழுதப்போவதை இங்கே தமிழில் காட்டுகிறேன். டிப்ளமோ முடித்த ஒரு தம்பி "சிஎன்சி பற்றி நல்ல அறிவு உண்டு" என்று எழுதியிருந்தார் (சிஎன்சி என்றால் கணினிக் கட்டளைப்படி ஓடும் வெட்டும் இயந்திரம்). பேசிப் பார்த்தால், கணபதியில் ஒரு பட்டறையில் ஆறு மாதம் லேத்தில் நின்றிருக்கிறார். வரியை இப்படி மாற்றினோம்: "ஃபேனக் கண்ட்ரோல் சிஎன்சி லேத்தில் 6 மாதம். ஜா மாற்றுவது, டூல் ஆஃப்செட் கொடுப்பது, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே வாங்குவது ஆகியவற்றைத் தனியாகச் செய்தேன்." அறிவு உண்டு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். டூல் ஆஃப்செட் என்பதை அந்த மெஷினில் நின்றவர்தான் எழுதுவார், ஆள் எடுப்பவருக்கு அது தெரியும்.

வீட்டுத் தொழிலை எழுதலாமா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடம் வைத்திருக்கும் வீட்டுப் பெண், பி.காம் படித்தவர், "அனுபவம்: இல்லை" என்று எழுதியிருந்தார். கல்லூரி நாள் முழுக்க வீட்டுத் தறிக்கணக்கு அவர் கையில்தான் இருந்திருக்கிறது. அதை எழுதச் சொன்னேன்: "குடும்ப விசைத்தறிக் கூடத்தில், படிப்பு நேரம் போக: வந்த பாவு, ஊடை நூல் இருப்பு, போன துணி மீட்டர், ஆட்கள் கூலி ஆகிய கணக்கை எக்செல்லில் பராமரித்தேன், ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வர வேண்டிய கூலி பாக்கியை மாதாமாதம் சரிபார்த்தேன்." அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் வேண்டுமா? நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக் கணக்குப் பார்த்தவர்களுக்கும், உடுமலையில் அப்பாவோடு கொப்பரை வியாபாரத்துக்கு அலைந்தவர்களுக்கும் இதே பேச்சுத்தான். செய்யாததைச் சேர்க்கக் கூடாது, அது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். செய்ததைச் சொல்லாமல் விடவும் கூடாது.

ஒரே ரெசுமேயை எல்லா இடத்துக்கும் அனுப்புவதும் போன் வராததற்கு ஒரு காரணம். விளம்பரத்தில் "டிராயிங் ரீடிங், வெர்னியர், இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்" என்று கேட்டிருந்தால், அவற்றில் உங்களுக்குத் தெரிந்ததை அதே சொல்லால் ரெசுமேயின் மேல் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

எங்கே அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பீளமேடு, சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளுக்கு லிங்க்ட்இன், நௌக்ரி சரி. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் பாதி வேலை கேட்டில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் முடிந்துவிடுகிறது. அங்கே நேரில் போய்க் காகிதம் கொடுப்பவருக்குத்தான் மதிப்பு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. நாலைந்து பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். மாநில அரசின் தனியார் வேலை இணையத்திலும் பதிவு செய்து வையுங்கள். படிப்பு முடித்து அனுபவமே இல்லாதவர்கள் அப்ரண்டிஸ் பயிற்சியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் பயிற்சி அது. உதவித்தொகையும் உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு.

மாமா, சித்தப்பா மூலம் தெரிந்தவர் இருந்தால் கேட்பதில் தப்பே இல்லை. நம் பக்கம் அப்படித்தான் பாதிக் கதவு திறக்கிறது. ஆனால் அவர் வேலை உங்கள் காகிதத்தை மேசைக்குக் கொண்டுபோவதோடு முடிந்தது. உள்ளே உட்கார்ந்தபின் "எம்டிக்கு எங்க பெரியப்பா நல்லாப் பழக்கம்ங்க" என்று சொன்னால், உங்களைச் சோதிக்க வந்த இன்ஜினியருக்கு அது சங்கடம்தான்.

போனில் பேசினார்கள், அதோடு சரி

முதல் போன் அழைப்பே ஒரு நேர்காணல். வண்டி ஓட்டிக்கொண்டோ கல்யாண மண்டபத்திலோ இருந்தால், "வெளியே இருக்கேனுங்க, அரை மணி நேரத்துல நானே கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, சொன்னபடி கூப்பிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எந்தக் கம்பெனி, எந்தப் பதவி என்று உங்களுக்கே நினைவில்லாமல் "எந்த கம்பெனிங்க?" என்று நாலு முறை கேட்டால்தான் சிக்கல். ஒரு நோட்டில் தேதி, கம்பெனி, பதவி, அனுப்பிய ரெசுமே எது என்று எழுதி வையுங்கள்.

நேரம் தவறிப்போகிறது, வியர்த்து விறுவிறுத்துப் போய் நிற்கிறேன்

கூப்பிட்டவர்களிடமே எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேளுங்கள். சத்தி, அன்னூர் வழியாக வருபவர் சரவணம்பட்டிக்குப் போக காந்திபுரம்வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, வழியிலேயே இறங்கிவிடலாம். பொள்ளாச்சி பஸ் உக்கடத்தில் விடும்; திருச்சி, மதுரைப் பக்க வண்டிகள் சிங்காநல்லூர். அங்கிருந்து டவுன் பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டை உள்ளே இருக்கும் கம்பெனி என்றால் மெயின் ரோட்டிலிருந்து நல்ல தூரம் நடை இருக்கும். கூட வந்த அப்பா டீக்கடையில் காத்திருக்கட்டும். ரிசப்ஷனில் உங்களுக்காக அவர் பேசினால், உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய முதல் வார்த்தை வராமலே போய்விடும்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் மனப்பாடம் ஓடுகிறது, கேட்பவர் முகம் தாழ்கிறது

பெயர், ஊர், அப்பா விவசாயம், அம்மா இல்லத்தரசி, பத்தாவது மார்க், பொழுதுபோக்கு கிரிக்கெட். இதெல்லாம் அவர் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. அவர் கேட்பது, இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருந்துவீர்கள் என்பதை. ஒரு நிமிடத்துக்குள், இப்போது என்ன செய்கிறீர்கள் அல்லது என்ன படித்து முடித்தீர்கள், கையால் செய்த முக்கியமான வேலை ஒன்று, இந்தக் கம்பெனிக்கு ஏன் வந்தீர்கள் என்று சொன்னால் போதும்.

மெர்ச்சன்டைசர் வேலைக்கு, அதாவது துணி வாங்குபவரின் ஆர்டரைப் பின்தொடர்ந்து கவனிக்கும் வேலைக்கு, வந்த ஒரு பெண் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது: "காஸ்ட்யூம் டிசைன் படிச்சேனுங்க. ஒரு வருஷமா அவிநாசியில ஒரு யூனிட்ல சாம்பிள் ஃபாலோ அப் பார்க்கறேன். பையர் கமென்ட் வந்தா பேட்டர்ன் மாஸ்டர்கிட்ட உட்கார்ந்து திருத்தி வாங்கறது என் வேலை. ஆர்டர் முழுசா ஆரம்பத்துல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் கையாளணும்னுதான் இங்க வந்தேன்." அவ்வளவுதான். அதற்குமேல் கேள்விகள் எல்லாம் அவர் செய்த வேலையைச் சுற்றியே போயின. தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு அவரே வழி காட்டிவிட்டார்.

நன்றாகத்தான் பேசினேன், ஆனால் "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

இது நம் மண்ணின் குணத்தோடு சம்பந்தப்பட்ட பழுது. நான், நான் என்று பேசுவது மரியாதை இல்லை என்றுதான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதனால் வாயைத் திறந்தால் "நாங்க". அந்தப் பணிவு நல்லதுதான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் கேட்பவருக்கு அந்த "நாங்க"வுக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிவதில்லை. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"ப்ராஜெக்ட் என்ன செஞ்சீங்க?"

"மண்ணுல ஈரம் பார்த்து மோட்டார் ஆன் ஆகற மாதிரி நாங்க ஒண்ணு செஞ்சோம்ங்க."

"அதுல உங்க வேலை என்ன?"

"எல்லாரும் சேர்ந்துதானுங்க செஞ்சோம்."

இதோடு முடிந்தது. அடுத்த கேள்வி கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்று எழுதிக்கொள்வார். அதே பையன் உண்மையில் செய்திருந்ததை வெளியே எடுத்தபோது வந்த பதில் இது:

"நாலு பேர் சேர்ந்து செஞ்சோம்ங்க. சென்சார் வயரிங்கும் ரிலேவும் நான் பார்த்தேன். முதல்ல ரிலே டக் டக்குனு ஆன் ஆஃப் ஆயிட்டே இருந்துச்சு. மண் ஈரம் ஒரே அளவு பக்கத்துலயே மேலும் கீழும் ஆடுனதுதான் காரணம். ஆன் ஆகற அளவையும் ஆஃப் ஆகற அளவையும் தனித்தனியாப் பிரிச்சு, நடுவுல இடைவெளி விட்டேன். அப்புறம் நின்னுடுச்சு. எங்க தோட்டத்துலயே வெச்சு ஓட்டிப் பார்த்தோம்."

நாலு பேர் என்று சொன்னதில் பணிவும் இருக்கிறது, தன் பங்கும் தெளிவாக இருக்கிறது. என்ன நிலைமை, அதில் என் பொறுப்பு எது, என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது: இந்த வரிசையில் உங்கள் வாழ்க்கையிலிருந்து நாலைந்து சம்பவங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட், பட்டறை வேலை, கோயில் நோம்பிக்கு வரவு செலவு பார்த்தது, கல்லூரி விழாவுக்குப் பந்தல் போட்டது என எதுவாகவும் இருக்கலாம். "கஷ்டமான சூழ்நிலையை எப்படிச் சமாளிச்சீங்க", "யாரோடயாவது கருத்து வேறுபாடு வந்திருக்கா" போன்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த நாலைந்துக்குள்ளேயே இருக்கும்.

டெக்னிக்கல் கேள்வியில் உறைந்துவிடுகிறேன்

பாடத்தை மறுபடி முழுக்கப் படிப்பதற்கு நேரம் இருக்காது. நீங்கள் போகும் வேலையில் தினமும் கையில் எடுக்கும் கருவி, தினமும் போடும் கணக்கு எதுவோ அதை மட்டும் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஷாப் என்றால் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ.; சொல்வதோடு, கையில் கொடுத்தால் அளக்கவும் தெரிய வேண்டும். சிஎன்சிக்கு ஜி00க்கும் ஜி01க்கும் வித்தியாசம்: முதலாவது வெட்டாமல் வேகமாக நகர்வது, இரண்டாவது கொடுத்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டுவது. நூற்பாலை என்றால் நூலின் சன்னத்தைக் குறிக்கும் 40ஸ் கவுண்ட்டுக்கு அர்த்தம்: 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்ட் எடை. பனியன் என்றால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது: கட்டரில் வெட்டிய துண்டு 100 சதுர செ.மீ., அது 1.6 கிராம் இருந்தால் துணி 160 ஜிஎஸ்எம். அக்கவுண்ட்ஸ் என்றால் மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர் 1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. டிடிஎஸ் கட்டுவது 7ஆம் தேதி.

மனப்பாடத்தில் சிக்காத கேள்வி ஒன்று உண்டு. கோவைக் கம்பெனிகளில் அதை விரும்பிக் கேட்பார்கள்: "மோட்டார் ஓடுது, பம்ப் தண்ணி எடுக்கலை. என்ன பார்ப்பீங்க?" பயந்துபோய் "மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) போயிருக்கும்ங்க" என்று ஒரே அடியாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். காயில் போயிருந்தால் மோட்டார் எப்படி ஓடும்?

தோட்டத்தில் நீங்கள் என்ன செய்வீர்களோ அதை வரிசையாகச் சொல்லுங்கள். பம்ப்பில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா, உள்ளே காற்று நிற்கிறதா என்று முதலில் பார்ப்பேன். நிரப்பியும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வ் சரியாக மூடவில்லை. உறிஞ்சும் குழாயில் எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று ஜாயின்ட்டுகளைப் பார்ப்பேன். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, உறிஞ்சும் ஆழம் அதிகமாகிவிட்டதா என்று பார்ப்பேன். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் புதிதாக வயர் மாற்றியிருந்தால் சுற்றும் திசையையும் பார்ப்பேன். தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். கடைசியாகத்தான் பம்ப்பைக் கழற்றி இம்பெல்லரில் அடைப்போ தேய்மானமோ இருக்கிறதா என்று பார்ப்பது.

செலவில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில். இந்த வரிசையைத்தான் அவர் கேட்கிறார். மென்பொருள் வேலை, மருத்துவமனை லேப், குவாலிட்டி என எதற்குப் போனாலும், சத்தமாக யோசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். இறுதி விடை தப்பாக இருந்தால்கூட, யோசிக்கத் தெரிந்த ஆள் என்று எழுதிக்கொள்வோம். சுத்தமாகத் தெரியாததற்கு "இதை நான் செஞ்சதில்லைங்க, இதுக்குப் பக்கத்துல இன்னது செஞ்சிருக்கேன்" என்று சொல்லலாம். அதைக் கௌரவக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இங்கிலீஷில் கேட்டதும் வாய் கட்டிக்கொள்கிறது

இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஐடி சப்போர்ட், பையரோடு மெயிலில் பேசும் மெர்ச்சன்டைசிங், ஏற்றுமதி டாக்குமென்டேஷன் ஆகியவற்றுக்கு ஆங்கிலம் வேலையின் ஒரு பகுதி, அங்கே சலுகை எதிர்பார்க்க முடியாது. புரொடக்ஷன், மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ் என்றால் எதிரே இருப்பவரும் பெரும்பாலும் நம்மூர்க்காரர்தான். "டெக்னிக்கல் மட்டும் தமிழ்ல விளக்கட்டுங்களா சார்?" என்று ஒரு முறை தெளிவாகக் கேட்டுவிட்டால் ஒத்துக்கொள்பவர்கள் நிறைய. கேட்காமல் மௌனமாக இருப்பதுதான் தோற்கடிக்கிறது.

பழகுவதற்கு, மேலே சொன்ன ஒரு நிமிட அறிமுகத்தையும் நாலைந்து சம்பவங்களையும் எளிய ஆங்கிலத்தில் எழுதி, போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பேரிங், சீல், ஷாஃப்ட், கட்டிங், செக்கிங் என்று தொழில் சொற்கள் ஏற்கெனவே உங்கள் வாயில் இருப்பதால், நடுவில் வினைச்சொல் சேர்த்தாலே பாதி வாக்கியம் வந்துவிடும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம்.

எந்தக் கேள்விக்கும் "வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்றே வருகிறது

நைட் ஷிஃப்ட் வர முடியுமா, ஓசூருக்கோ புனேக்கோ மாற்றினால் போவீர்களா, ஹாஸ்டலில் தங்குவீர்களா: இந்த மூன்றும் அநேகமாக வரும். முந்தின நாளே வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லலாம். "நைட் ஷிஃப்ட் இப்போதைக்கு முடியாதுங்க, மத்த ரெண்டு ஷிஃப்டும் வர்றேன்" என்பது தெளிவான பதில். பெண் பிள்ளைகளிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பது தவறு, எங்கள் ஆட்கள் கேட்டாலும் நான் நிறுத்துவேன். இருந்தாலும் கேட்கும் இடங்கள் உண்டு. "வேலையில தொடர்ந்து இருக்கணும்கற முடிவோடதாங்க வந்திருக்கேன்" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். அதற்குமேல் துருவினால், அந்த இடத்தைப் பற்றி நீங்களும் ஒரு முடிவுக்கு வரலாம்.

இடைவெளியும் அரியரும் வந்ததும் பேச்சு தடுமாறுகிறது

குரூப் 4 எழுத இரண்டு மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. "2 வருடம் டிஎன்பிஎஸ்சி படித்தேன், கூடவே டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன், இப்போது தனியார் வேலை என்று முடிவு செய்துவிட்டேன்" என்று மூன்று துண்டாகச் சொல்லுங்கள். கடைசித் துண்டுதான் முக்கியம். அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்தால் ஓடிவிடுவாரோ என்பதுதான் எங்கள் கவலை. அரியர் இருந்தால் எத்தனை என்று கேட்டதுமே சரியான எண்ணைச் சொல்லுங்கள். பிறகு மார்க் ஷீட்டில் வேறாக இருந்தால், கிடைத்த வேலையும் போகும்.

அனுபவம் இருக்கிறது, ஆதாரம் இல்லை

லேத் பட்டறையிலும் ஜாப் ஒர்க் யூனிட்டிலும் மூன்று நான்கு வருடம் உழைத்தவரிடம் பே ஸ்லிப்பும் இருக்காது, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் இருக்காது. பிஎஃப் பிடித்திருந்தால் 12 இலக்க யுஏஎன் எண் இருக்கும். அதில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று வரும். இஎஸ்ஐ அட்டையும், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் உதவும். எல்லாமே ரொக்கம் என்றால், முதலாளியிடம் மனஸ்தாபம் இல்லாமல் விலகும்போதே லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட லெட்டர்ஹெட்டாக இருந்தால் நல்லது. அனுபவத்தைக் கூட்டி எழுதியவர்கள் மாட்டுவதும் இந்த யுஏஎன் தேதியில்தான். ரெசுமேயில் உள்ள மாதமும் அதில் உள்ள மாதமும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாகப் போய், சம்பளத்தில் நிற்கிறது

"நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பது நம் ஊர் மரியாதை. கம்பெனியில் அதற்கு அர்த்தம், குறைவாகக் கொடுத்தாலும் சரி. போவதற்கு முன்பே ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது என்று கூட்டிப் பாருங்கள். அதே வேலையில் இருக்கும் ஒருவரிடம் விசாரியுங்கள். பிறகு கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு தொகையாகச் சொல்லுங்கள்.

அவர்கள் சொல்வது சிடிசியா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா என்று கேட்டே ஆக வேண்டும். வருடம் 3 லட்சம் என்றால் மாதம் 25,000. பேசிக் 12,500 என்று வைத்தால், அதில் கம்பெனியின் பிஎஃப் பங்கு 12 சதவீதம் 1,500, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம் சுமார் 600. இரண்டும் சிடிசிக்குள்ளேயே இருந்தால் மொத்தச் சம்பளம் 22,900 அளவில் நிற்கும். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,500 போனால் கைக்கு வருவது 21,400 சொச்சம். தொழில் வரி, கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐயும் வரும், உங்கள் பங்கு 0.75 சதவீதம். இந்தக் கணக்கு தெரிந்தவர் சேர்ந்த முதல் மாதமே "ஏமாத்திட்டாங்க" என்று வெளியேறுவதில்லை.

"சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், பிறகு சத்தமே இல்லை

கிளம்பும்போதே "எப்பங்க தகவல் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சொன்ன நாள் தாண்டி இரண்டு நாள் கழித்து ஒரு மெயில்: எந்தத் தேதியில், எந்தப் பதவிக்கு வந்தீர்கள், இன்னும் விருப்பமாக இருக்கிறீர்கள், முடிவு ஆகிவிட்டதா. மூன்று வரி போதும். தினமும் போன் செய்ய வேண்டாம். மறுத்திருந்தால், எதில் குறை என்று பணிவாகக் கேளுங்கள்; எல்லாரும் சொல்ல மாட்டார்கள், சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் மறுத்த சிலரை, வேறு இடம் காலியானபோது நானே கூப்பிட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களின் பெயர்தான் நினைவில் நிற்கிறது.

வேலை உறுதி என்கிறார்கள், ஆனால் மனசு ஒப்பவில்லை

நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்தாலும், யூனிஃபார்முக்கு, டிரெய்னிங்குக்கு, லேப்டாப்புக்கு என்று முன்பணம் கேட்டாலும், கம்பெனி பெயரில் இல்லாத சாதாரண மெயில் முகவரியிலிருந்து வந்தாலும் நின்றுவிடுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள். இத்தனை வருடம் இருக்க வேண்டும், இடையில் விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பாண்ட் இருந்தால், அங்கேயே கையெழுத்துப் போடாமல் "ஒரு நாள் வீட்டுல படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேங்க" என்று வாங்கி வாருங்கள். இந்த ஓர் இடத்தில் வீட்டில் கேட்பது சரிதான். பதவி, சம்பளப் பிரிவு, வேலை இடம், ஷிஃப்ட், தகுதிகாண் காலம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்னால் இருக்கிற வேலையில் பேப்பர் போடாதீர்கள். வந்தபின், பழைய இடத்தில் நோட்டீஸை முழுசாக முடித்து, ரிலீவிங் லெட்டரையும் கடைசி மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.